பச்சைக் கோழிக்கறி ஃப்ரிட்ஜில் எத்தனை நாள் தாங்கும்? கொங்கு நாட்டு வீடுகளுக்கான கேள்வி பதில்

பல்லடம், பொங்கலூர், உடுமலைப் பக்கம் கறிக்கோழிப் பண்ணைகள். நாமக்கல்லைச் சுற்றி முட்டைக்கோழிப் பண்ணைகள். தெருவுக்குத் தெரு உயிர்க்கோழியைக் கண்முன்னே வெட்டித் தரும் கடைகள். நம் பக்கத்தில் புதுக்கறி கிடைப்பது ஒரு பெரிய காரியமே அல்ல. ஆனால் கறி புதியது என்ற அந்தத் தைரியத்திலேயே அதை ஃப்ரிட்ஜில் நான்கு நாள், ஐந்து நாள் என்று விட்டுவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கும் வீடுகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எத்தனை நாள் வைக்கலாம்?

ஒரு நாள். அதிகம் போனால் இரண்டு நாள். அதுவும் ஃப்ரிட்ஜின் உள்ளே 4 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ இருந்தால்தான். முழுக்கோழி, துண்டு, எலும்பில்லாத கறி, கொத்துக்கறி, ஈரல் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. அமெரிக்க வேளாண் துறை வீட்டுச் சமையலுக்குச் சொல்லும் அளவும் இதுதான். ஞாயிறு காலையில் எடுத்த கறி செவ்வாய் காலைக்குள் அடுப்பேறிவிட வேண்டும். அது முடியாது என்று தெரிந்தால் ஞாயிறன்றே ஃப்ரீசருக்குள் போய்விட வேண்டும்.

கண்முன்னே வெட்டி வாங்கியது. கூடுதலாக இரண்டு நாள் தாங்காதா?

தாங்காது. கொங்கு வீடுகளில் முதலில் மாற வேண்டிய நம்பிக்கை இதுதான்.

உயிருள்ள கோழியின் உடல்சூடு சுமார் 41 டிகிரி. தோலுரித்துத் துண்டு போட்டுக் கையில் கொடுக்கும்போதும் கறி வெதுவெதுப்பாகவே இருக்கும்; கவரைத் தொட்டாலே தெரியும். கோழியின் குடலில் சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். கோழி நோயின் அறிகுறி எதுவும் இல்லாமல் துள்ளிக்கொண்டுதான் இருக்கும். குடலை எடுக்கும்போது அவை கறியில் படுகின்றன. கடைக் கத்தி, புளியமர வெட்டுக்கட்டை, அலசுகிற தொட்டித் தண்ணீர் ஆகியவற்றின் வழியாக முன்பு வெட்டிய கோழிகளின் கிருமிகளும் வந்து சேரலாம். வெட்டி ஐந்து நிமிடம்தான் ஆயிற்று என்பதால் கறி சுத்தம் என்று ஆகிவிடாது. அந்த வெதுவெதுப்பு சால்மோனெல்லாவுக்கு மிகவும் ஏற்ற சூடு. ஏற்ற சூட்டில் அது சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அப்படியே நான்கு மணி நேரம் போனால் ஒன்று நாலாயிரமாகிவிடும்.

இரண்டு கிலோ கறியைக் கட்டிய கவரோடு ஃப்ரிட்ஜில் திணித்தால் வெளிப்பக்கம் சீக்கிரம் குளிரும். நடுவில் இருப்பது ஆறுவதற்குப் பல மணி நேரம் ஆகும். அதனால் வீட்டுக்கு வந்ததும் கவரைப் பிரித்து, அகலமான எவர்சில்வர் டப்பாக்களில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மூடி உள்ளே வையுங்கள். நாள் கணக்கைக் கோழியை வெட்டிய நேரத்திலிருந்து எண்ணுங்கள். மதியம் வரை சமையலறை மேடையில் கிடந்துவிட்டுப் பிறகு ஃப்ரிட்ஜுக்குப் போன கறிக்கு இரண்டு நாள் கணக்கே பொருந்தாது.

நாட்டுக்கோழி அப்படி இல்லையே? தீயில் வாட்டி, மஞ்சள் தேய்த்துத்தானே அறுக்கிறோம்?

நாட்டுக்கோழிக்கும் அதே இரண்டு நாள்தான். ஓடியாடி வளர்வதால் அதன் தசை இறுகியிருக்கும், நிறமும் கருமையாக இருக்கும், சுவையும் வேறு. குடல் என்னவோ அதே குடல்தான். தீயில் வாட்டுவதால் பூமயிர் கருகும், தோலின் மேற்பரப்பில் சூடு படும், நல்ல மணம் வரும். அதற்குப் பிறகு வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துத் துண்டு போடும்போது உட்பக்கமும் வெட்டுமுகமும் புதிதாக மாசுபடுகின்றன. வாட்டிய தோல் அவற்றைக் காப்பாற்றாது.

மஞ்சள், உப்பு, எலுமிச்சை அல்லது தயிர் பிசறி வைத்தால் நாள் கூடுமா?

கூடாது. குழம்புக்கும் வறுவலுக்கும் நாம் போடும் உப்பும் மஞ்சளும் கறியைக் கெடாமல் காக்கிற அளவே அல்ல. தயிரும் எலுமிச்சையும் கறியை மென்மையாக்கும், மசாலாவை உள்ளே இறக்கும். பிசறிய கறிக்கும் உச்ச வரம்பு இரண்டு நாள். உப்புக்கண்டம் வேறு கதை. அங்கே உப்பையும் மிகுதியாகப் போட்டு, நல்ல வெயிலில் நாள்கணக்கில் உலர்த்தி, ஈரத்தையே வெளியேற்றிவிடுகிறார்கள். ஈரம் இல்லாத இடத்தில் கிருமி வளராது. ஃப்ரிட்ஜில் இருக்கும் மசாலாக் கறியில் ஈரத்துக்குக் குறைவே இல்லை.

மோந்து பார்த்தால் தெரிந்துவிடுமே?

கெட்டுப்போனது தெரியும். ஆபத்தானது தெரியாது. இரண்டும் ஒன்றல்ல.

கறியில் புளித்த வாடையையும் வழவழப்பையும் உண்டாக்குபவை சூடோமோனாஸ் போன்ற அழுகல் கிருமிகள். ஃப்ரிட்ஜின் குளிரிலும் அவை மெல்ல வளரும். வாடை வந்துவிட்டால் கறியைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள். அலசினாலும் மசாலா தூக்கலாகப் போட்டாலும் அது சரியாகாது. நம்மைப் படுக்கவைக்கும் சால்மோனெல்லாவும் கேம்பிலோபாக்டரும் வாடையைக் கொடுப்பதில்லை, நிறத்தை மாற்றுவதில்லை. கேம்பிலோபாக்டர் மிகக் குறைந்த எண்ணிக்கையில் உள்ளே போனாலே நோய் தரும். ஆக, வாடை இல்லை என்பது கறி நல்லது என்பதற்குச் சான்று ஆகாது. நம் வீட்டுப் பெரியவர்களின் மூக்கு எவ்வளவு கூர்மையானதாக இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் நாட்காட்டியைத்தான் நம்ப வேண்டும். டப்பாவின் மூடியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிக் கிழமையை எழுதிவிடுங்கள்.

எங்கள் ஃப்ரிட்ஜில் திருகு 4-இல் இருக்கிறது. அது 4 டிகிரிதானே?

இல்லை. அந்த எண் குளிரின் வேகத்தைக் குறிப்பது, டிகிரி அல்ல. எண் கூடக் கூடக் குளிர் கூடும். உண்மையான வெப்பநிலை தெரிய வேண்டுமானால், ஃப்ரிட்ஜுக்கென்று விற்கும் சிறிய வெப்பமானி ஒன்றை வாங்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு நடுத்தட்டில் ஓர் இரவு வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். ஈரோட்டிலும் கரூரிலும் வெயில் 40 டிகிரியைத் தொடும் சித்திரை, வைகாசியில் மார்கழிக்கு வைத்த அளவு போதாது. மாவுக் குண்டா, காய்கறிப் பைகள், பால் பாக்கெட் என்று இண்டு இடுக்கில்லாமல் அடைத்த ஃப்ரிட்ஜிலும் குளிர்காற்று சுற்றிவர வழியிருக்காது.

ஃப்ரிட்ஜில் எந்த இடத்தில் வைப்பது?

கதவில் வேண்டவே வேண்டாம். மிகவும் சூடு ஏறும் இடம் அதுதான். பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை, கறிச்சாறு வேறெதன்மேலும் சொட்டாதபடி அடித்தட்டில் வை என்பது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ்களில் ஃப்ரீசருக்குக் கீழே இருக்கும் தட்டுதான் அதிகக் குளிர்ச்சி. அங்கே வைப்பதானால் சொட்டுக் கசியாத, இறுக மூடும் டப்பாவில் மட்டும் வையுங்கள். கடைக் கவரில் எப்படியும் ஓர் ஓட்டை இருக்கும். அதிலிருந்து வழிகிற சாறு கீழே திறந்திருக்கும் தேங்காய்ச் சட்னியிலோ கொத்தமல்லிக் கட்டிலோ சொட்டினால், அவற்றை நாம் மறுபடி வேகவைக்கப் போவதில்லை. கறி வெந்து சுத்தமாகிவிடும், சட்னி நோயைக் கொண்டுவரும். வீட்டில் பாதிப் பேருக்கு மட்டும் வயிறு கெட்டு, காரணம் புரியாமல் போவதற்கு இதுவும் ஒரு வழி.

நாளைக்கு முழு நாள் மின்தடை என்கிறார்கள். உள்ளே கறி இருக்கிறது.

மூடியே வைத்திருந்தால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிரைத் தாங்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தும் மின்சாரம் சில நாள் மாலை வரைகூட வராது. அறிவிப்பைப் பார்த்தவுடன், முதல் நாள் இரவே கறியைச் சமைத்துவிடுங்கள் அல்லது ஃப்ரீசரில் போட்டு நன்றாக உறையவிடுங்கள். தனி ஃப்ரீசர் நிறைந்திருந்தால் 48 மணி நேரம், பாதி நிறைந்திருந்தால் 24 மணி நேரம் தாங்கும் என்பது கணக்கு. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் சின்னப் பெட்டியிடம் அவ்வளவு எதிர்பார்க்கக் கூடாது. மின்சாரம் வந்த பிறகு கறியில் பனித்துகள் இன்னும் இருந்தால் மறுபடி உறையவிடலாம். முழுக்க இளகி, குளிர்ச்சியும் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் கொட்டிவிடத்தான் வேண்டும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். ஒரு கிண்ணம் தண்ணீரை உறையவைத்து, பனிக்கட்டியின்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால், இடையில் எல்லாமே உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

தாராபுரத்திலிருந்து கோவையில் இருக்கும் மகளுக்கு நாட்டுக்கோழி அறுத்துக் கொடுத்து அனுப்புகிறேன். பஸ்ஸில் போய்ச் சேருவதற்குள் கெடாதா?

அம்மா கொடுத்தனுப்பும் கோழிக்கு ஈடு இல்லைதான். ஆனால் 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கறி இருக்கக்கூடிய மொத்த நேரம் இரண்டு மணி. வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி. வீட்டிலிருந்து பஸ் நிலையம், பஸ், அங்கிருந்து டவுன் பஸ் என்று போனால் அந்த நேரம் வழியிலேயே தீர்ந்துவிடும். முதல் நாளே அறுத்து, கல்லாக உறையவைத்து, தெர்மாகோல் பெட்டியில் சுற்றிலும் பனிக்கட்டியோடு அடைத்து அனுப்புங்கள். உறைய வைக்க வசதி இல்லாவிட்டால் குழம்பாக வைத்து அனுப்பலாம் என்று தோன்றும். வெதுவெதுப்பான குழம்பு தூக்குவாளியில் மூன்று மணி நேரம் போவதும் அதே ஆபத்துதான். கோழியை உயிரோடு கொடுத்தனுப்புவது இதைவிடப் பாதுகாப்பானது. அங்கே போய் அறுத்துக்கொள்ளட்டும்.

ஃப்ரீசரில் எவ்வளவு நாள்?

−18 டிகிரியில் நிலையாக இருந்தால் முழுக்கோழி ஓராண்டு, துண்டுகள் 9 மாதம், ஈரல் மூன்று நான்கு மாதம் சுவை குன்றாமல் இருக்கும். உறைந்தே இருக்கும்வரை அதற்குப் பிறகும் கறி ஆபத்தாகிவிடாது, சுவைதான் போகும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள் என்பது என் யோசனை. அங்கே குளிர் அடிக்கடி ஏறி இறங்கும். ஓரம் வெளுத்து, காய்ந்து, கறி நார்நாராகிப் போவது காற்றுப் படுவதால் வருகிறது. சாப்பிடலாம், ருசி இருக்காது. ஒன்றை மறக்கக் கூடாது: உறையவைப்பது கிருமியைக் கொல்வதில்லை, வளராமல் நிறுத்தி வைக்கிறது. இளகியதும் அவை விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

இருவரும் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறோம். ஞாயிறு ஒரு நாள்தான் கடைக்குப் போக முடிகிறது. வாரம் முழுவதுக்கும் எப்படி வைப்பது?

திருப்பூரில் எத்தனையோ வீடுகளின் நிலைமை இது. இரண்டு கிலோ எடுத்தால், அன்றைக்கு வேண்டியதைச் சமையுங்கள். திங்கள் இரவுக்கு வேண்டியதை மட்டும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மீதியை ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக, கால் கிலோ அரைக் கிலோ என்று பிரித்து, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, தட்டையாக அமுக்கி ஃப்ரீசரில் அடுக்குங்கள். தட்டையான பொட்டலம் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். புதன் இரவுக்குச் சமைப்பதானால் செவ்வாய் இரவு ஒரு பொட்டலத்தை எடுத்து ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள்; வேலை முடிந்து வரும்போது கறி அடுப்புக்குத் தயாராக இருக்கும். பெரிய ஒரே கட்டியாக உறையவைத்தவர்கள்தான் அதை உடைக்க முடியாமல் வெளியே வைத்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள்.

வெளியே வைத்து இளகவிட்டால் என்ன?

நடுவில் கல்லாக இருக்கும்போதே மேற்புறம் அறையின் சூட்டுக்கு வந்துவிடும். காலையில் வைத்து மாலையில் எடுத்தால், மேற்புறக் கறி பகல் முழுக்க வெயில் காலத்துச் சமையலறையில் கிடந்ததற்குச் சமம். ஃப்ரிட்ஜில் இளகவிடுவதே நல்லது. இரண்டு கிலோ முழுக்கோழிக்கு ஒரு முழு நாள் பிடிக்கும். அவசரம் என்றால், நீர் புகாத கவரில் கட்டிக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். இளகியவுடன் சமைத்துவிட வேண்டும். குழம்புக்கு என்றால் உறைந்த துண்டுகளையே போட்டு வேகவைக்கலாம். நேரம் ஒன்றரை மடங்கு ஆகும்.

இளகியதை மறுபடி உறையவைக்கலாமா?

ஃப்ரிட்ஜிலேயே இளகியிருந்தால், ஓரிரு நாளுக்குள், உறையவைக்கலாம். கறி கொஞ்சம் சாறிழந்து சக்கையாகும். தண்ணீரிலோ வெளியிலோ இளகியதைச் சமைக்காமல் உறையவைக்கக் கூடாது.

கறியைக் கழுவக் கூடாது என்கிறார்களே?

குழாயை வேகமாகத் திறந்து கழுவினால் கிருமி கலந்த துளிகள் தொட்டி, மேடை, பக்கத்தில் கவிழ்த்து வைத்த தட்டு என்று தெறிக்கும். அதனால்தான் கழுவாதீர்கள் என்று பல நாடுகளில் சொல்கிறார்கள். அங்கே வருவது கழுவி அடைத்த கறி. நம் கடைக் கறியில் ரத்தக்கட்டி, எலும்புத் தூள், இறகு ஒட்டியிருக்கும்போது கழுவாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓர் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, கறியை மெல்ல உள்ளே விட்டு, தெறிக்காமல் அலசி, தண்ணீரைத் தொட்டியின் வாயருகே சாய்த்து ஊற்றுங்கள். சமைக்கும் நேரத்தில் கழுவினால் போதும். கழுவி ஈரத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் வழவழக்கும். பிறகு தொட்டி, குழாயின் கைப்பிடி, அரிவாள்மனை, கை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கறி தொட்ட கையோடு அஞ்சறைப் பெட்டியைத் திறக்காதீர்கள்.

எப்படியும் குக்கரில் மூன்று விசில் விடுகிறோம். எல்லாம் செத்துவிடாதா?

கறியின் உட்பகுதி 74 டிகிரியைத் தொட்டால் சால்மோனெல்லாவும் கேம்பிலோபாக்டரும் சாகும். குக்கர் அதையெல்லாம் தாண்டிப் போகும். ஆனாலும் நாள் தவறிய கறிக்கு அது பரிகாரம் ஆகாது. சில கிருமிகள், எடுத்துக்காட்டாக ஸ்டஃபைலோகாக்கஸ், பெருகும்போது விட்டுப்போகும் நச்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. பள்ளிபாளையம் சிக்கன் போல வாணலியில் வதக்கும் வறுவல்களில் இன்னொரு கவனம் வேண்டும்: துண்டுகளைச் சிறியதாகப் போடுங்கள். மிளகாயும் வெங்காயமும் நிறம் மாறியதை வைத்துக் கறி வெந்துவிட்டதாக எண்ணக் கூடாது. பெரிய துண்டு ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள்.

வெந்த கறியின் எலும்பருகே கருஞ்சிவப்பாக இருக்கிறது. வேகவில்லையா?

கறிக்கோழி ஐந்து ஆறு வாரத்தில் கடைக்கு வந்துவிடுகிறது. இளம் எலும்பு, உள்ளிருக்கும் மஜ்ஜையின் நிறம் கசிந்து வெளியே வரும். உறையவைத்த கறியில் இது இன்னும் அதிகம். கறி நன்றாக வெந்திருந்தால் பயமில்லை.

நோம்பிக்கு வைத்த குழம்பு நிறைய மீந்துவிட்டது. அதைத் தினமும் சுண்டவைத்துச் சாப்பிடலாமா?

மாரியம்மன் நோம்பிக்கு ஒரம்பரை நிறைய வரும் என்று பெரிய அண்டாவில் வைத்துவிடுகிறோம். அந்த அண்டா தானாக ஆறுவதற்கு இரவெல்லாம் ஆகும். கொதியில் சாகாத விதைநிலைக் கிருமி ஒன்று உண்டு, கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்று பெயர். மெல்ல ஆறும் குழம்பின் வெதுவெதுப்பில் அது விழித்துக்கொண்டு பெருகும். விருந்து உண்டவர்களுக்கு மறுநாள் கூட்டமாக வயிற்றுப்போக்கு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சாப்பிட்டு முடித்ததும் மீதியைச் சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்று நான்கு நாள் இருக்கும். வேண்டிய அளவை மட்டும் எடுத்துத் தளதளவென்று கொதிக்கவைத்துச் சாப்பிடுங்கள்.

காடை, வாத்து, வான்கோழி?

எல்லாம் இதே கணக்கு.

சூப்பர் மார்க்கெட்டில் அடைத்து விற்கும் கறியில் ஒரு வாரம் கழித்துத் தேதி போட்டிருக்கிறதே?

பிரிக்காமல், வழியெல்லாம் குளிரிலேயே இருந்திருந்தால் அந்தத் தேதி செல்லும். பிரித்துவிட்டால் ஓரிரு நாள்தான். குளிர்பெட்டி சரியாகக் குளிராத கடையில் வாங்காதீர்கள். கவர் உப்பியிருந்தால் எடுக்கவே வேண்டாம்.

நான்கு நாள் ஆன கறியைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டோம். என்ன செய்வது?

எல்லோருக்கும் ஏதாவது வந்துதான் தீரும் என்றில்லை. பயந்துகொண்டே இருக்க வேண்டாம், கவனித்துக்கொண்டிருங்கள். சால்மோனெல்லாவின் தொல்லை 6 மணி நேரத்திலும் தொடங்கலாம், 6 நாள் கழித்தும் தொடங்கலாம். கேம்பிலோபாக்டர் இரண்டு முதல் ஐந்து நாள் எடுத்துக்கொள்ளும். அதனால் புதன்கிழமை வயிற்றுவலி வந்தால் நாம் அன்று காலை சாப்பிட்ட ஓட்டல் தோசையைத் திட்டுகிறோம். ஞாயிற்றுக்கிழமைக் கறி நினைவுக்கே வருவதில்லை. வயிற்றுப்போக்கு தொடங்கினால் ஓ.ஆர்.எஸ். கரைசலை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். மலத்தில் ரத்தம், 39 டிகிரியை எட்டும் காய்ச்சல், எதைக் குடித்தாலும் வாந்தி, சிறுநீர் குறைந்து வாய் வறண்டுபோவது, மூன்று நாளுக்கு மேல் நீடிக்கும் பேதி இவற்றில் எது வந்தாலும் மருத்துவரிடம் போய்விடுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், சர்க்கரை நோயாளி என்றால் இவ்வளவு தூரம் காத்திருக்கக் கூடாது. கடந்த ஒரு வாரத்தில் என்ன கறி, எப்போது வாங்கியது, எப்போது சமைத்தது என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.